அலைக்கோடு

ஐந்தாவது பூச்சாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார் டிசைனர். கடையின் பர்ச்சேஸ் மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“மூணு மாசம் முந்தி குடுத்த முதல் சாம்பிள்ல இந்த நீலக் கோடு என்னமா நெளிஞ்சு போச்சு! அந்த அலையைப் பாத்துத்தான் சார் எங்க முதலாளி நாப்பது கடைக்கும் எடுக்கலாம்னார். அப்புறம் கொண்டுவந்த மூணும் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா நின்னுது.”

“அதான் இதுல நெளிச்சிருக்கேனேம்மா.”

“நெளிச்சதுன்னு பாத்தாலே தெரியுதே சார்! அது தானா வந்திருந்தது. அதே கைதானே உங்களுக்கு? மாசக் கடைசி வரைக்கும்தான் டைம். அப்புறம் வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டார்.”

சாடியை மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடினார். பெட்டி வரும்போது இருந்ததைவிடக் கனத்தது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

“என்னங்க, இதுவும் ஊத்திக்கிச்சா?”

“ம்.”

“போகட்டும் விடுங்க. முன்னெல்லாம் டம்ளரைக் கையில குடுத்தா பாதித் தண்ணி சட்டைமேலதான். டாக்டர் மாத்திரை குடுத்த இந்த ரெண்டு மாசத்துல நடுக்கம் போன இடம் தெரியல. அதை நினைச்சு சந்தோஷப்படுங்க. இந்தாங்க, இன்னிக்கு மாத்திரை.”

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும், பெட்டியைத் திறந்து மாத்திரையைச் சாடிக்குள் போட்டார். பிறகு தண்ணீரை மட்டும் குடித்தார்.

ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.