பதினோரு மணி அறிக்கை

திரையில், எண் கேட்கும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பதினோரு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். நகராட்சியில் இன்று எத்தனை பேருக்கு டெங்கு?

ஒருவருக்கும் இல்லை.

ஐம்பத்து மூன்று நாளில் முதல் தடவை. அவள் எழுந்து குதித்திருக்க வேண்டும். குதிக்க முடிந்தால்தானே!

பின்னால் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டியையும் ட்ரம்மையும் திறந்து கொசுப்புழு தேடுகிற தற்காலிகப் பணியாளர்கள். சுகாதார ஆய்வாளர் பணியிடம் நான்கு. மூன்று காலி. நாலாவது அவள். இவர்கள் மட்டும் இல்லையென்றால் அவள் ஒற்றையாளாய்க் கிழித்திருப்பாள்!

அவர்களுடைய வேலை உத்தரவில் ஒரே வரி. காய்ச்சல் அடங்கும் வரை.

பூஜ்யம் போனால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நன்றாக வேலை பார்த்ததற்கு இதுவா கூலி? என்ன நியாயமோ!

ஒன்று என்று போட்டால் போதும். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

விரல் 'ஒன்று' என்ற விசையின் மேல் போய் நின்றது.

"என்ன மேடம் யோசிக்கீங்க?" பின்னால் நின்ற பன்னிரண்டு பேரில் ஒருத்தி, பேச்சித்தாய், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "முட்டையப் போடுங்க. நாய்க்கடி வாங்கி, ஏச்சு வாங்கி, நாங்க கொண்டாந்த முட்டை. அதுல போயி ஒன்னுன்னு எழுதினீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், பாத்துக்கிடுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பூஜ்யத்தைத் தட்டினாள். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. அவள் பன்னிரண்டு பெயரையும் எழுதினாள். நிதானமாக, தலைப்பெழுத்தோடு. அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன்.

"சைபர்னு வந்திருக்கே. நம்பர் போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். அதுதான் நம்பர்."

அந்தப் பக்கம் அவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பது கேட்டது.

"குறிப்புல இருக்கிற இந்தப் பன்னிரண்டு பேரை விட்டுராதீங்க. பக்கத்து ஊர்ல எழுபது பேர் காய்ச்சல்ல படுத்திருக்காங்க. அங்க போகணும். உத்தரவ நான் இன்னிக்கே வாங்கித் தாரேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். வாய் நிறையச் சொல்ல வேண்டும் அவளுக்கு.

அறையில் ஒருவரும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே, அடுத்த தெருவில் பேச்சித்தாயின் குரல்.

"யம்மா, தொட்டியத் திறங்க. பாத்துட்டுப் போயிருதோம்."