ஏழாவது கேள்வி

"ஏழாவது கேள்வியை எடுத்துடும்மா," என்றார் தேர்வுக்குழுத் தலைவி.

மாலை நேரத் தையல் வகுப்புப் பெண்களுக்கு, புது ஆசிரியை முதன்முதலாகத் தயாரித்த பரீட்சைத்தாள் அது. ஏழாவது கேள்வி இதுதான்: பிள்ளை வளர்ந்ததும் கவுனைப் பிரித்து இறக்கித் தைத்தால், பழைய மடிப்புக் கோடு தெரியும். அதை எப்படி மறைப்பீர்கள்?

"ஏன் மேடம் எடுக்கணும்?"

"பாடப்புத்தகத்துல இல்ல."

"வருஷா வருஷம் புதுசு எடுத்தவங்கதானே புத்தகம் எழுதுறாங்க. எனக்கு ஒரே கவுன் நாலு வருஷம் ஓடுச்சு. எங்கம்மா பிரிச்சுத் தைக்கிற வரைக்கும் போர்வையைச் சுத்திக்கிட்டுப் பக்கத்துலயே நிப்பேன். மாத்திக்க வேற இல்ல. மறுநாள் அந்தக் கோட்டைப் பாத்து வகுப்பே சிரிக்கும். உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோட்டு மேலயே லேஸ் வெச்சுத் தைக்கணும். என் கவுன்ல மூணு வரிசை லேஸ். பெரிய வீட்டுப் பிள்ளைன்னு நெனச்சு டீச்சர் என்னை முன் பெஞ்சுல உக்கார வெச்சாங்க."

ஆசிரியைக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்புறம் ஏன் மேடம் வேணாங்கறீங்க?"

"எத்தனை வருஷமா பரீட்சை ஹால்ல நடக்குறேன். இதைப் படிச்சா பாதிப் பேர் பேனாவைக் கீழ வெச்சுட்டு அவங்கம்மாவை நெனச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்க. மணி அடிச்சிடும்."

ஆசிரியை கேள்வியைத் தொடவில்லை. தாளின் தலைப்பில் இருந்த நேரத்தை அடித்துவிட்டு, அரை மணி கூட்டி எழுதினாள்.

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே கையெழுத்துப் போட்டார்.