மஞ்சள் வீட்டுக்கு மத்தியானம் போகிறவன்

"மீன் பிடிச்சிட்டு வர்றவன் மேல மீன் வாடை அடிக்கணும் மிரெல்லா. உன் புருஷன் மேல சோப்பு வாடைதான் அடிக்குது!"

பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று நீவெஸ் இதைச் சொன்னபோது, மிரெல்லாவின் கையிலிருந்த தட்டு நழுவி நுரைக்குள் விழுந்தது. அந்தக் கடலோரக் கூடாரக் கேம்ப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வரிசையில் தொட்டிகள். இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்கும்.

"மெதுவாப் பேசுங்க நீவெஸ்."

"நான் மெதுவாத்தான் பேசறேன். அவன்தான் சத்தமா மணக்கறான்."

நீவெஸ் வடக்கே பெர்காமோ ஊர்க்காரி. ஆகஸ்ட் பிறந்தால் போதும், இதே பைன் மரத்தடியில் கேரவனை நிறுத்தி, வாசலில் பூந்தொட்டி வைத்து, போகிற வருகிறவர்களை எடை போட உட்கார்ந்துவிடுவாள். மிரெல்லாவும் அவள் புருஷன் தூலியோவும் இந்த வருடம்தான் முதன்முறையாகப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள்.

"இங்கேயே ஷவர்ல குளிச்சிருப்பான்" என்றாள் மிரெல்லா.

"காயின் போட்டா இந்த ஷவர்ல தலை நனையறதுக்குள்ள தண்ணி நின்னுடுது. உன் ஆளு ஊறவச்ச கொண்டைக்கடலை மாதிரி வர்றான். சரி, இன்னொண்ணும் சொல்லிடறேன். நேத்து நான் செனிகாலியா டவுனுக்குத் தர்பூசணி வாங்கப் போனேன். மீன் சந்தைக்குப் பின்னாடி ஒரு மஞ்சள் வீடு. வாசல்ல இவன் சைக்கிள்."

மிரெல்லா குழாயை மூடினாள்.

"யார் வீடு அது?" என்றாள் நீவெஸ்.

"இப்ப... ஒரு டச்சுக்காரி தங்கியிருக்கா."

"தனியாவா?"

"தனியாத்தான். நாங்க கேம்ப்புக்கு வந்த அன்னைக்கு அவளைப் பார்த்தோம். அவ பெட்டியை இவன்தான் மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போனான். விசில் அடிச்சுக்கிட்டே."

"உனக்கு ஒரு குடம் தண்ணி தூக்கியிருக்கானா?"

மிரெல்லா கழுவிய தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் தூலியோ தூண்டிலை எடுத்தான். கேம்ப்பில் ஓய்வு நேரம் தொடங்கிவிட்டது. ரேடியோக்கள் அடங்கி, சில்வண்டுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"நானும் வரட்டா?" என்றாள் அவள்.

"இந்த வெயில்லயா? மயக்கம் போட்டுடுவ. பேசாமப் படுத்துக்கோ."

"இத்தனை நாள் போற, ஒரு மீன்கூட மாட்டலையே?"

"மீனுக்கும் மத்தியானத் தூக்கம் இருக்கும்போல."

"அப்போ இந்த நேரத்துல ஏன் போற?"

அவன் சிரித்து மழுப்பினான். குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருந்தது.

கூடாரத்துக்குள் புழுங்கியது. படுத்தபடியே அவள் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். சோப்பு வாடை. சைக்கிள். விசில். எதிர்ப்பக்கத்தில் வைக்க என்ன இருக்கிறது? பதினெட்டு வருடக் குடித்தனம். அவன் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஒருவேளை பிடிபட்டதில்லையோ? இல்லை, தனக்குத்தான் புத்தி கோணலாகப் போகிறதோ? எழுந்து போய் நீவெஸ்ஸின் சைக்கிளைக் கேட்டாள்.

"எடுத்துக்கோ. அங்க போனதும் செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கோ. சத்தமும் வராது, தேவைப்பட்டா அடிக்கவும் ஆகும்."

ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கடைகளுக்கெல்லாம் கதவு சாத்தியிருந்தது. மஞ்சள் வீட்டு வாசலில் தூலியோவின் சைக்கிள். சுவரோரம் தூண்டில். நிமிர்ந்து பார்த்தாள். படுக்கையறை ஜன்னல் மட்டும் இறுக மூடியிருந்தது.

கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. பூட்டக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு தைரியம்! உள்ளே போனால் பதினெட்டு வருடமும் இன்றோடு முடிந்துவிடலாம். திரும்பிப் போனால் இனி ஒரு நாளும் அவன் பக்கத்தில் நிம்மதியாகப் படுக்க முடியாது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள். முனகும் படியை மட்டும் தாண்டி மாடியேறினாள். குளியலறையில் குழாய் சொட்டியது. நாற்காலியில் ஈரத் துண்டு. மூடியிருந்த அறைக்குள்ளிருந்து நீளமான, சுகமான ஒரு பெருமூச்சு கேட்டது.

கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் தூலியோ மட்டும் கிடந்தான். வாய் பிளந்திருந்தது. விரிப்பு கசங்காமலிருக்கத் தன் கடற்கரைத் துண்டைக் கீழே போட்டிருந்தான். வெளிச்சம் பட்டதும் பதறி எழுந்தான்.

"மிரெல்லா! நீ எப்படி..."

"எங்க அவ?"

"கடலுக்குப் போயிருக்கா. இந்த வெயில்ல அவங்க ஊர்க்காரங்கதான் மணல்ல கிடப்பாங்க. சாயங்காலம்தான் வருவா."

"அவ இல்லாதப்ப உனக்கு இங்க என்ன வேலை?"

"குளியல் தொட்டியில கொஞ்ச நேரம் கிடப்பேன். அப்புறம் ஒரு தூக்கம். போறப்ப ஒரு முடிகூட இல்லாம எல்லாத்தையும் துடைச்சு வச்சிடுவேன், சத்தியமா! கூடாரத்துல இருந்தா ஜாலியா இருக்கும்னு உன்னைக் கூட்டிட்டுப் போனதே நான்தானே... எந்த மூஞ்சியோட உன்கிட்ட சொல்றது?"

மிரெல்லா அவனையே பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பு தரையில் விழுந்தது.

"தள்ளிப் படு" என்றாள். ஆகஸ்ட் முடியும்வரை டச்சுக்காரிக்கு வாடகைக்கு விட்டிருக்கும் தங்கள் சொந்த வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து தான் படுக்கும் சுவரோரப் பக்கத்தில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.