திரையில் தெரியாத ஆள்

கோத்தகிரி வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி, ஆஸ்திரேலியக் காட்டில் முந்நூறு அடி யூகலிப்டஸ் மரங்களைச் சாய்ப்பது என் வேலை. என்னை நானே மாவீரன் என்று நினைத்திருந்தேன்.

ஒருமுறை நிறுவனம் என்னை அந்தக் காட்டுக்கே அழைத்துப்போனது. மரத்தை அண்ணாந்து பார்த்ததும் மாவீரனுக்குத் தலைசுற்றியது. அங்கே மரவேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நகுலேசன் நொண்டியபடி வந்து தண்ணீர் கொடுத்தார்.

"காலுக்கு என்னாச்சுங்க?"

"பொத்தானை அமத்தினா விரியிற ஆப்பை மரத்தில வைக்கிறது நாங்கள்தான் அண்ணை. வைச்சிட்டு ஓடுவம். போன மாசம் மரம் கொஞ்சம் முந்தி விழுந்திட்டுது."

அவசரப்பட்டு அழுத்தியவன் நான்தான். என் திரையில் மரம் மட்டுமே தெரியும். தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதெல்லாம் கோத்தகிரியிலிருந்து பொத்தானை அழுத்துவதற்கு முன் அவரைப் போனில் அழைக்கிறேன்.

"தூரமாப் போயிட்டீங்களா?"

"போயிட்டன்."

"நிச்சயமா?"

"அண்ணை, நான் சாப்பிட்டும் முடிச்சிட்டன். நீங்கள் இன்னும் அமத்தேல்லையோ?"