கண்ணாடிக் கட்டிடம்

"ஏட்டி, என் பூட்ஸை எங்க வச்ச?"

பிரம்மநாயகம் போட்ட சத்தத்தில் தையல் மிஷின்கள் ஒரு நொடி நின்று, பிறகு ஓடின. தாராவியில் முன்பக்கம் பை தைக்கும் கார்கானா, பின்பக்கம் குடித்தனம் என்று இருபது வருடமாக ரப்பர் செருப்போடு நடமாடியவர், இன்று கோட்டு போட்டிருந்தார். பதினொரு மணிக்கு அவருக்குக் கம்பெனி மீட்டிங்.

"பெரிய மொதலாளி மாதிரில்லா கிளம்புதிய" என்றாள் மனைவி முப்பிடாதியம்மாள்.

"மாதிரி என்னட்டி மாதிரி? ஷேர் வச்சிருக்கவன் எல்லாம் மொதலாளிதான்."

அந்தக் கம்பெனியின் பெயரில் 'குளோபல்' என்றும் இருந்தது, 'இன்ஃப்ரா' என்றும் இருந்தது. அதிலேயே மனிதர் பாதி விழுந்துவிட்டார். மீதியை டெலிகிராம் குரூப் பார்த்துக்கொண்டது. மூன்று ரூபாய் ஷேர், பத்து வருஷம் கை வைக்காமல் இருந்தால் முந்நூறு ரூபாய் ஆகுமாம். கோபர்கைரனேயில் ஃப்ளாட் வாங்கச் சேர்த்த நாலு லட்சத்தையும் அப்படியே போட்டார்.

ஷேர் ஒன்பது ரூபாய்க்குப் போனபோது தெருவுக்கே பேடா கொடுத்தார். இப்போது ஒன்றரை ரூபாயில் நிற்கிறது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை. முப்பிடாதியம்மாளுக்குத்தான் ஒரு மாதமாகத் தூக்கம் போயிற்று.

"வந்தது போதும், வித்துத் தொலைங்க. அந்தக் கம்பெனி எங்க இருக்குன்னாவது பாத்தியளா?"

"போட்டோ பாத்தேன். முப்பது மாடி, பூராவும் கண்ணாடி. பெரிய ஆபீஸ் எல்லாம் இருக்க பி.கே.சி.யிலதான் இருக்கும், பாலம் தாண்டுனா போச்சு. இன்னைக்கு நேர்லயே பாத்துட்டு வாரேன். சரியில்லன்னா நாளைக்கே வித்திருதேன், போதுமா?"

வாசலில் தபால்காரர் ஒரு தடித்த கவரை நீட்டினார். மேல் ரூம் சேட்டுக்கு வந்தது. முப்பிடாதியம்மாள் அதை வாங்கிக்கொண்டு வெளியே இருந்த இரும்பு ஏணியில் ஏறி, பூட்டிய கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினாள். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி உண்டு. ஆள்தான் கிடையாது.

"வாடகைக்கு இருந்தா இப்படில்லா இருக்கணும்" என்று மெச்சினார் பிரம்மநாயகம். "பதினோரு மாச வாடகையை மொத்தமா குடுத்தாரு. ஒருநாள் தண்ணி கேட்டிருப்பாரா, லைட்டு போட்டிருப்பாரா? தபால் வந்தா உள்ள போட்டுருங்கன்னாரு, அவ்வளவுதான்."

அந்த வாடகைப் பணத்தையும் அதே ஷேரில்தான் போட்டிருக்கிறார் என்பதை அவர் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. மீட்டிங்கில் சமோசாவும் டிபன் பாக்ஸும் தருவார்கள் என்று குரூப்பில் யாரோ போட்டிருந்ததால், தன் கார்கானாவில் தைத்த பெரிய பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"கிதர் ஜானா ஹை, சாப்?" என்று போகுமிடம் கேட்டான் ஆட்டோக்காரன். அந்த 'சாப்' கோட்டுக்குக் கிடைத்த மரியாதை.

அட்ரஸ் இங்கிலீஷில் இருந்தது, பிரம்மநாயகத்துக்கு இங்கிலீஷ் ஓடாது. வாசலில் நின்ற மகள் கோகிலவாணியிடம் போனை நீட்டினார். அவள் பி.காம். இரண்டாம் வருஷம்.

"ஏளா, கம்பெனிக்காரன் மெயில் அனுப்பிருக்கான். அட்ரஸை இவன்கிட்ட சொல்லு. மீட்டிங் எத்தனாவது மாடின்னும் பாரு, லிஃப்டுல அழுத்தணும்லா."

கோகிலவாணி படித்தாள். நிமிர்ந்து தலைக்கு மேலே பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சீக்கிரம் சொல்லுட்டி, மீட்டர் ஓடுது!"

"முதல் மாடிதாம்ப்பா. ஆட்டோவை அனுப்பிட்டு, பூட்ஸைக் கழத்திட்டு நம்ம ஏணியில ஏறுங்க."