நாற்பதைத் தாண்டாத வண்டி

“நீ கழட்டாம, அந்த பிளக்கு தானா கழண்டுக்குதா பாய்?” என்று சுந்தர்ராஜ் போட்ட சத்தத்தில் டீக்கடையில் பாதிப் பேர் கிளாஸும் கையுமாக மெக்கானிக் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். மீதிப் பேர் முன்பே வந்திருந்தார்கள்.

சுந்தர்ராஜின் பழைய லோடு பிக்கப்பில் புது மாடல் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் பொருத்தித் தந்தவர் நயீம் அகமது. இன்ஜினில் கோளாறு என்றால் அந்த விளக்கு எரியும். வண்டியும் நாற்பதுக்கு மேல் போகாது. வேலூரிலிருந்து ஆம்பூருக்கு உப்புத் தோல் ஏற்றுகிற அந்த வண்டி, இந்த மாதத்தில் நான்காவது முறையாக விளக்கைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது.

“ஆம்பூர்ல ஒரு டேனரி விடாம சொல்லிடுவேன், இந்த பாய்கிட்ட வண்டிய விட்டா கழட்டிக் கழட்டி வர வைப்பாருன்னு.”

நயீமின் முகம் சுண்டிப்போனது. அங்கே வந்து நிற்பதெல்லாம் தோல் பதனிடும் டேனரிகளின் வண்டிகள்தான். அந்த ஒரு பேச்சு பரவினால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஒயர்களைச் சேர்த்துப் பிடித்தார். விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அவரிடம் ஸ்கேனர் கிடையாது; சிமிட்டலை எண்ணித்தான் கோளாறு எங்கே என்று சொல்வார்.

“நான் எண்ணுனா பொய்னுவீங்க. நீங்களே எண்ணுங்கண்ணே.”

சுந்தர்ராஜ் விளக்குப் பக்கம் குனிந்தார், நிமிர்ந்தார். “எண்ணுறது மெக்கானிக் வேலை. என் வேலையில்ல.”

சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட்டால் இந்தப் பெரிய மனுஷத்தனமும் கூடவே ஏறிக்கொள்ளும் போலிருக்கிறது.

“நீட்டமா மூணு, குட்டையா நாலு. அதே கோடு நம்பர்தான், காத்து அளக்குற சென்சார்” என்றபடி நயீம் பானெட்டைத் தூக்கினார். போன மூன்று முறையும் போல இப்போதும் சென்சாரின் பிளக் கழன்று தொங்கியது. ஆனால் இந்த முறை அதன் வாயில் பஞ்சு வைத்து, மேலே வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போடுவது போல அவ்வளவு நேர்த்தி.

“பிளக்குல உப்பு போனா இன்ஜினுக்கே பேஜாருன்னு போன தடவை இங்கதான் சொன்னேன்” என்றார் நயீம் மெதுவாக. “யாரோ காது குடுத்துக் கேட்டிருக்காங்க. இது ஆஸ்பத்திரி பிளாஸ்திரிண்ணே.”

அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. டியூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய நர்ஸ் பிரிஸ்கில்லா, சுந்தர்ராஜின் மனைவி, டிபன் பையோடு ஷெட் வாசலில் நின்றிருந்தார். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் அவரும் இங்கே வந்து நின்றதை டீக்கடை கவனித்துத்தான் வைத்திருந்தது. நயீமைப் பார்த்தார்கள். பிரிஸ்கில்லாவைப் பார்த்தார்கள். டீ ஆறிப்போனது யாருக்கும் தெரியவில்லை.

“நீயா கழட்டுன?” சுந்தர்ராஜின் குரல் இறங்கிவிட்டது. “இந்த ஷெட்டுல உனக்கு இன்னா வேலை?”

“கழட்டுனது நான்தான். பாய்க்கு ஒண்ணும் தெரியாது.”

“எதுக்குடி?”

அதற்கப்புறம் அந்த வண்டிக்கு டிரைவராக வந்த ரிச்சர்டையே அவர்கள் மகள் ஜெனிஃபா கட்டிக்கொண்டு காவேரிப்பாக்கம் போனாள். நயீமும் ஷெட்டைப் பெரிதாக்கி மேல்விஷாரத்துக்குக் குடிபோனார். டீக்கடை மட்டும், தான் ஆசையாக எதிர்பார்த்த பதில் அன்று வரவில்லையே என்ற வருத்தத்தில் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அன்று பிரிஸ்கில்லா புருஷனின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

“உங்க கண்ணுக்கு நாப்பதே ஜாஸ்திங்க.”