ஐம்பத்துநாலு மாடல்

"நாலு ஆளு ஏறி புளியரை மேட்டுல வேகமாப் போவணும். எந்த வருசத்து ஜீப்பு எடுத்தா நல்லது?" என்று கேட்டார் சங்கரநாராயணன். நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, கழுத்தில் மைனர் செயின். ரப்பர் எஸ்டேட் முதலாளி வேஷம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. செயின் மட்டும் மச்சினனுடையது.

உண்மையில் அவர் அரிசிக் கடத்தலைத் தடுக்கத் தென்காசிக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி. கேரளத்துக்கு அரிசி போகக் கூடாது என்று தடை இருந்த வருஷம் அது. ஆபீஸ் ஜீப் கேரள எல்லையோரப் புளியரை மேட்டில் பாதியிலேயே மூச்சு வாங்கும். கடத்தல் ஜீப் ஒன்று வாரம் இரண்டு தடவை பட்டப்பகலில் அதற்கு முன்னாலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

புது வண்டிக்கு எழுதிப் போட்டால் வருஷக்கணக்காகும். பழையது ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி மேலிடம் சொன்னதும், ஊருக்குள் சேதி பரவக் கூடாதே என்று இப்படிப் புறப்பட்டு வந்துவிட்டார்.

குற்றாலம் ரோட்டில் பழைய ஜீப் விற்கும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பாலம்மாள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு வெளியூரு போயிருக்காரு. வண்டி விசயம்னா எங்கிட்டயே கேளுங்க, அண்ணாச்சி. இங்கன நிக்குத எல்லாத்தையும் கழட்டி மாட்டினது நான்தான்."

வாசலில் நின்ற முதல் ஜீப்பை அவர் தட்டிப் பார்த்தார். "இது?"

"நாப்பத்திமூணு. பட்டாளத்து வண்டி. பாக்க லெட்சணமா இருக்கும், கியர் பாக்ஸ் நோஞ்சான். நாப்பத்தஞ்சு வரைக்கும் வந்த எதையும் தொடாதீய."

"அங்கன நிக்கது?"

"நாப்பத்தொம்பது. கியர் பாக்ஸ் நல்ல உறுதி. ஆனா நிதானமாத்தான் ஏறும். வாழைத்தார் ஏத்துதவுக கேட்டா இதத்தான் குடுப்பேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு மேட்ட ஏறணுமா, இல்ல முந்தணுமா?"

"முந்தணும்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பாலம்மாள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னையும் ஒரு கடத்தல்காரன் என்று நினைத்துவிட்டாள் என்று அவருக்குப் பட்டது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று துணிந்து கேட்டார். "புளியரை வழியா ஒருத்தன் அரிசி கடத்துதானே, அவன் ஓட்டுத வண்டி என்ன மாடல்?"

"அது நாப்பத்திநாலு. இஞ்சின் மட்டும் மாத்திப் போட்டது. எட்டு மூட்டை ஏத்திட்டா ரெண்டாங் கியர் தன்னால நழுவும். பிரேக்கும் சரி கிடையாது." கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோல் சொன்னாள்.

அவருக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். "அவன முந்துத மாதிரி ஒண்ணு குடும்மா."

கொட்டகையின் மூலையில் படுதா போட்டு மூடியிருந்த வண்டியை அவள் திறந்து காட்டினாள். பானெட் உயர்ந்த ஜீப்.

"அம்பத்திநாலு. அம்பத்திமூணுல இருந்துதான் இந்த இஞ்சின் வருது, வலு சாஸ்தி. நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் போட்டிருக்கேன். எத்தனையோ பேரு கேட்டாக, குடுக்கல."

இலஞ்சி விலக்கு வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். வண்டி பறந்தது. விலை பேசி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் ஒரு காசு கூட்டிக் கேட்கவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது மட்டும் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பின்னால போயி விரட்டாதீய. விரட்டினா வளைவுல அந்த நாப்பத்திநாலுக்கு பிரேக் பிடிக்காது, வண்டி பள்ளத்துல போயிரும். போன மாசம் இப்படித்தான் ஒரு வண்டி கவுந்து ரெண்டு பேரு செத்தாக. நீங்க முந்திப் போயி ஏத்தத்துல குறுக்க நிறுத்திருங்க. அது தன்னால நின்னுரும்."

சங்கரநாராயணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் யாருன்னு தெரியுமா?"

"வந்ததுமே தெரியும். எஸ்டேட்டுக்காரக எத்தன மூட்டை ஏறும்னுதான் மொதல்ல கேப்பாக. நீங்க நாலு ஆளு ஏறணும்னு கேட்டீய."

அவர் செயினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குரலை அதிகாரிக் குரலாக்கிக்கொண்டார். "இவ்வளவு தெரிஞ்சிருக்கு. ஆளு யாருன்னும் தெரிஞ்சிருக்குமே. தைரியமாச் சொல்லும்மா. உன் பேரு வெளிய வராது."

பாலம்மாள் சாவியை அவர் கையில் வைத்தாள். படுதாவை நிதானமாக மடித்து ஓரமாகப் போட்டாள்.

"புடிச்சு உள்ள வச்சா மத்தியானச் சோத்த மட்டும் நேரத்துக்குக் குடுத்திருங்க அய்யா. எங்க வீட்டுக்காரரு பசி தாங்க மாட்டாரு."